காட்கோபரில் நிற்காத ரயிலும் நான் தூக்கிய மூட்டையும்

இணையத்தில் செய்தி நடத்தும் பிள்ளைகள் நீங்கள் சிலர் சேர்ந்து செம்பூரில் என் வீட்டுக்கு வந்து, ‘அச்சுப் பத்திரிகைக்கும் இணையச் செய்திக்கும் உள்ள உறவு’ பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். தலைப்பைக் கேட்டதுமே எனக்குக் கொட்டாவி வந்தது. என்ன பெரிய உறவு? ஒரே வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு ஓரகத்திகளின் உறவு. ஒருத்தியின் சமையலை இன்னொருத்தி வாய் ஓயாமல் குறை சொல்வாள். அடுப்படியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டும் விடுவாள்.

என்னைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு கிழவர் ஓடுவாரே, அந்த வீடியோ. இன்னமும் யாராவது அதற்குப் பாட்டுச் சேர்த்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓடுகிற கிழவர் நான்தான். மறுக்கவில்லை. ஏன் ஓடினேன் என்று சொன்னால் நீங்கள் கேட்ட உறவும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழின் மும்பைப் பதிப்பில் செய்தியாசிரியர். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அலுவலகம். எங்கள் ஆசிரியர் இணையச் சேனல்களை ‘மொபைல் கோஷ்டி’ என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மூக்கைச் சுளிப்பார். ஆனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் அத்தனை பேரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அந்தக் கோஷ்டியைத்தான் பார்ப்போம். மாலையில் முடிக்கிற பக்கத்துக்குச் செய்தி வேண்டுமே.

நாங்கள் அதிகம் பார்த்தது முத்துச்செல்வியின் சேனலை. முத்துச்செல்வி தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் துணி தைக்கும் ஒரு பட்டறையின் மாடியில் இருந்து சேனல் நடத்தினாள். முப்பது வயது இருக்கும். கெட்டிக்காரி. அவளுடைய யோசனை எளிமையானது. மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். ஆகவே தினமும் காலையில் எங்கள் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, செய்திகளைத் தன் திருநெல்வேலிப் பேச்சில் சொல்லிவிடுவாள். பேப்பர் பெயரைச் சொல்ல மாட்டாள். கேட்பவர்களுக்கு அது அவள் சேகரித்த செய்தி மாதிரி இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. காலையில் அவள் எங்கள் பேப்பரை வாசிப்பாள். மதியம் நாங்கள் அவளைப் பார்த்து, “அட, புதுசா இருக்கே” என்று குறிப்பு எடுப்போம். நாங்களே எழுதிய செய்தி, அவள் வாயில் போய் வந்தபோது எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. இப்படி எத்தனை நாள் எங்கள் வாந்தியை நாங்களே பந்தி வைத்தோம் என்று எனக்குத் தெரியாது. கண்டுபிடித்தது ஒரே ஒரு தடவைதான்.

அந்தக் கோடையில் திருநெல்வேலிக்கு ஒரு சிறப்பு ரயில் விட்டார்கள். குர்லாவில் கிளம்பும், அடுத்து நிற்பது கல்யாணில். நடுவில் இருக்கும் காட்கோபரிலும் நிற்க வேண்டும் என்று, அங்கே இருக்கும் நம்மவர்களின் சங்கம் ஒரு மனு கொடுத்தது. மனு கொடுத்தார்கள் என்று நாலு வரி போட்டோம். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

மறுநாள் காலை முத்துச்செல்வி அதை வாசித்தாள். வீடியோவுக்கு மேலே ‘காட்கோபரில் நிற்குமா நெல்லை ரயில்?’ என்று எழுதி, ரயில் படத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டாள். மதியம் எங்கள் மேசையில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ‘நிற்க வாய்ப்பு இருப்பதாக இணையத்தில் தகவல்’ என்று எழுதிக் கொடுத்தார். பக்கம் முடிக்கிற அவசரம். ஒரு பத்தி அகலத்தில்தான் இடம் இருந்தது. தலைப்பு அடங்கவில்லை. அடங்காததை வெட்டுவது என் வேலை. வெட்டினேன். ‘காட்கோபரில் நிற்கும் நெல்லை ரயில்’ என்று அழகாக அடங்கியது. வாய்ப்பு, இணையம், தகவல் மூன்றும் கத்திரியோடு போயின.

மறுநாள் காலை முத்துச்செல்வி முதல்முறையாக எங்கள் பேப்பரைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். நாம் சொன்னதைப் பேப்பரே உறுதி செய்துவிட்டது என்றாள். மதியம் எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, நாம் போட்டதை மொபைல் கோஷ்டியே உறுதி செய்துவிட்டது என்று கையைக் குலுக்கினார்.

யார்தான் உறுதி செய்தது என்று எனக்குப் புரியவில்லை. மனு கொடுத்த சங்கத்தின் செயலாளருக்குப் போன் போட்டேன். உங்களுக்கு ரயில்வேயிலிருந்து கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். கடிதம் எதற்கு, நீங்கள்தான் போட்டிருக்கிறீர்களே என்று அவர் எனக்கு நன்றி சொன்னார். அதோடு விடவில்லை. இந்த நிறுத்தத்தை வாங்கித் தந்தது தங்கள் சங்கம்தான் என்று காட்கோபர் முழுக்க பேனர் வைத்துவிட்டார். அதைப் பார்த்த, சங்கத்துக்கு ஆகாத எதிர்க்கோஷ்டி, வாங்கித் தந்தது தங்கள் தலைவர்தான் என்று அதைவிடப் பெரிய பேனர் வைத்தது. இரண்டு தரப்பும் எங்கள் பேப்பருக்கு நன்றி விளம்பரமும் கொடுத்தார்கள்.

நான் ஆசிரியரிடம் போய், இந்தச் செய்திக்கு அடியில் தரையே இல்லை, திருத்தம் போடுவோம் என்றேன். அவர் நன்றி விளம்பரத்தை என் முன்னால் விரித்து வைத்தார்.

“நின்னதுக்கு நன்றி சொல்லி ரெண்டு பக்கமும் விளம்பரம் குடுத்துட்டாங்க. அப்புறம் எப்படிய்யா நிக்காமப் போகும்?” என்றார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த அறையில் நிற்கும்போது எனக்கு அது நியாயமாகவே பட்டது. இத்தனை பேர் சொல்கிறார்களே, ஒருவேளை உத்தரவு வந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். வாய்ப்பு என்ற சொல்லை வெட்டியவனே நான்தான். வெட்டிய அந்தக் கை என் கண்முன்னால் மேசைமேல்தான் இருந்தது. இருந்தும் ஊரோடு சேர்ந்து நானும் நம்பினேன்.

ரயில் வரும் நாள் முற்பகலில் நானே காட்கோபருக்குப் போனேன். நிலையத்தில் திருவிழாக் கூட்டம். ஒரு பக்கம் சங்கம், மறுபக்கம் எதிர்க்கோஷ்டி, நடுவில் வாடகைக்குப் பிடித்த பேஞ்சோ வாத்தியக் குழு. எஞ்சினுக்கு மாலை, டிரைவருக்குச் சால்வை, உடைக்கத் தேங்காய், சக்கரத்தில் நசுக்க எலுமிச்சம்பழம் எல்லாம் வந்திருந்தன. எஞ்சின் எந்த இடத்தில் நிற்கும் என்று சங்கத்தார் நடைமேடையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதற்குப் பத்தடி முன்னால் எதிர்க்கோஷ்டி இன்னொரு கோடு போட்டிருந்தது, மாலை முதலில் தங்கள் கைக்கு எட்ட வேண்டும் என்று. எந்தக் கோட்டில் நிற்பது சரி என்று வாக்குவாதம். தொலைதூர ரயில்கள் ஓடும் தண்டவாளம் மேடை இல்லாத பக்கம் இருக்கிறதே என்று யாரும் யோசிக்கவில்லை.

நான் நிலைய அதிகாரியின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் மராத்திக்காரர். பாவம், வியர்த்து உட்கார்ந்திருந்தார். தனக்கு எந்த உத்தரவும் வரவில்லை, ரயில் நிற்காது, இந்தக் கூட்டத்திடம் சொன்னால் பேப்பரைக் காட்டுகிறார்கள் என்றார். அந்தப் பேப்பர்க்காரன் நான்தான் என்று சொன்னேன். உடனே எழுந்து, உங்களிடம் உத்தரவின் நகல் இருந்தால் ஒன்று கொடுங்கள், மேலிடத்துக்குக் காட்ட வேண்டும் என்று கையை நீட்டினார்.

அறையை விட்டு வெளியே வந்தபோதுதான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். சங்கத்தின் சாக்பீஸ் கோட்டின் மேலேயே, ஒரு பெரிய கோணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு கையில் டிக்கெட், மறு கையில் எங்கள் பேப்பரில் கிழித்த அந்த ஒரு பத்திச் செய்தி. இரண்டையும் சேர்த்தே பிடித்திருந்தார். ஆட்கள் வழிவிடச் சொன்னபோதும் நகரவில்லை.

பேச்சுக் கொடுத்தேன். காட்கோபர் மேற்கில் மலைச்சரிவில் குடியிருப்பு. வடாபாவ் கடைகளுக்கு உருளைக்கிழங்கு உரித்துக் கொடுக்கும் வேலை. ஒரே மகளைச் சங்கரன்கோவில் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார். தலைப்பிரசவம். இந்த வாரத்துக்குள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருமகன் லாரி ஓட்டுகிறவன், வடக்கே போயிருக்கிறான். மாமியார் உயிரோடு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான் துணைக்குப் படுத்துக்கொள்கிறாள். இந்த டிக்கெட் கிடைக்க இரண்டு மாதம் ஆனதாம். அடுத்த சிறப்பு ரயில் எட்டு நாள் கழித்து. குர்லாவுக்குப் போகத்தான் முதலில் நினைத்தாராம். மூட்டை கனமாக இருந்ததால், பேப்பர் செய்தியை ஒருவர் வாசித்துக் காட்டியதும் இங்கேயே ஏறிவிடலாம் என்று வந்துவிட்டார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ரயில் குர்லாவில் கிளம்பும் நேரம். அடுத்த மேடைக்குக் கல்யாண் போகும் ஃபாஸ்ட் லோக்கல் ரயில் வரப்போவதாக அறிவித்தார்கள். அதைப் பிடித்தால் கல்யாணில் ரயிலையும் பிடிக்கலாம். விட்டால் அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உண்மை தெரிந்துவிட்டது, நேரமும் இருக்கிறது, சொன்னால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் தொழிலே சொல்வதுதானே. முதலில் கூட்டத்தைப் பார்த்து, ரயில் நிற்காது, செய்தி தவறு என்று உரக்கச் சொன்னேன். சங்கத்தார் நான் எதிர்க்கோஷ்டி ஆள் என்றார்கள். எதிர்க்கோஷ்டி நான் சங்கத்து ஆள் என்றது. ஒரு விஷயத்தில் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றுதான். பேஞ்சோக்காரர்கள் என் குரலுக்கு மேல் வாசித்தார்கள்.

பேச்சியம்மாளிடம் குனிந்து, “அம்மா, வண்டி இங்கே நிக்காது. இப்ப வர்ற லோக்கல்ல ஏறுங்க, கல்யாண்ல பிடிச்சிடலாம்” என்றேன்.

“பேப்பர்ல போட்டிருக்காவளே, நிக்கும்னு.”

“போட்டது நான்தாம்மா. தப்பாப் போட்டுட்டேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை, கேலியும் இல்லை.

“அன்னைக்குத் தப்பாப் போட்டவிய, இன்னைக்குச் சொல்லுதது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்புவேன்?”

முப்பது வருடத்துக்கு மேல் எழுதியவன் நான். என் சொல்லுக்கு இருந்த மதிப்பையெல்லாம் நானே ஒரு பத்தி அகலத்துக்கு வெட்டிவிட்டேன். லோக்கல் மேடைக்குள் நுழையும் சத்தம் கேட்டது.

நான் அந்த மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

யோசித்துச் செய்தேன் என்று பெருமை அடிக்க மாட்டேன். நான் சொன்னால் அவர் வர மாட்டார், மூட்டை போனால் பின்னால் வருவார் என்று மட்டும் தோன்றியது. அப்பப்பா, அது என்ன கனம். கழுத்து உள்ளே போய்விட்டது போல இருந்தது. பின்னால் பேச்சியம்மாள், “சோர், சோர், பக்கடோ” என்று, திருடனைப் பிடிக்கச் சொல்லி, பம்பாய்க்காரியாக மாறி இந்தியில் கத்திக்கொண்டே வந்தார். படியேறி இறங்கி அடுத்த மேடைக்குப் போகிற வரை எனக்கு இணையாக ஒரு மொபைல் ஓடி வந்தது. அதைப் பிடித்திருந்தவள் முத்துச்செல்வி. ரயில் வரவேற்பை நேரலை செய்ய வந்தவள்.

“சார், லைவ் ஓடிக்கிட்டு இருக்கு. மூட்டையில என்ன சார்?” என்றாள் மூச்சு வாங்க.

லோக்கலில் சாமான் ஏற்றும் லக்கேஜ் டப்பாவில் மூட்டையைப் போட்டு நானும் விழுந்தேன். பேச்சியம்மாள் தாவி ஏறி என் சட்டைக் காலரைப் பிடித்தார். லோக்கல் கிளம்பிவிட்டது.

டப்பாவில் மீன் கூடைகளோடு இருந்தவர்கள் என்னை அடிக்கச் சட்டைக் கையை மடக்கினார்கள். கல்யாண் வரை என் காலரை விட வேண்டாம், அங்கே வண்டி இல்லை என்றால் அத்தனை பேரும் சேர்ந்து அடியுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். பேச்சியம்மாள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். தாணே தாண்டியும் காலர் அவர் கையில்தான் இருந்தது.

டோம்பிவிலி நெருங்கும்போது ஒருவர் தன் மொபைலைக் காட்டினார். முத்துச்செல்வியின் நேரலையில் அரை மணி நேரம் முன்னால் பதிவானது ஓடிக்கொண்டிருந்தது. காட்கோபர் மேடையில் எல்லோரும் மாலையும் கையுமாக நிற்கிறார்கள். எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் நெல்லை ரயில் தடதடவென்று போகிறது. இரண்டு சாக்பீஸ் கோடுகளும் தெரிகின்றன. பேஞ்சோ மட்டும் நிற்காமல் கேட்கிறது. அந்த ரயிலைப் பற்றி முதல் உண்மைச் செய்தி அதுதான். அதைக் கொடுத்தது எங்கள் பேப்பர் அல்ல. அவளும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை, அந்த இடத்தில் நின்றாள், அவ்வளவுதான்.

பேச்சியம்மாள் அந்தத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காலரை விட்டுவிட்டு மூட்டையின் முடிச்சைச் சரிபார்த்தார்.

கல்யாணில் வண்டி நின்றுகொண்டிருந்தது. மறுபடியும் மூட்டை என் தலையில். அவர் முன்னால் ஓடினார், நான் பின்னால். அவருடைய பெட்டியில் மூட்டையை ஏற்றியபோது வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. நன்றி எதுவும் சொல்லவில்லை. வாசலில் நின்று, “காலரு கிழிஞ்சிட்டு. தைச்சுப் போட்டுக்கிடுங்க” என்றார்.

மனசு லேசாகி அலுவலகத்துக்குத் திரும்பினேன். என் மேசையிலிருந்து நாலு நாற்காலி தள்ளி எங்கள் துணையாசிரியர் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ‘பெண் பயணியின் மூட்டையுடன் ஓடிய மர்ம நபர்: வேகமாகப் பரவும் வீடியோ.’ பக்கத்தில் என் படம். முகத்தில் பாதியை மூட்டை மறைத்திருந்தது.

அது நான்தான் என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என் கிழிந்த காலரைப் பார்த்தார்.

“அப்படியா சார்? அப்ப உங்க தரப்பு விளக்கத்தையும் கடைசியில ஒரு வரி சேர்த்துடவா?” என்றார்.

ஆசிரியரிடம் போனேன். ஊரே பார்த்ததை ஒரு தனி மனிதர் மறுக்கிறார் என்பதற்காக எப்படி எடுப்பது என்று அவர் வருத்தப்பட்டார். வேண்டுமானால் ‘நபர்’ என்பதை ‘முதியவர்’ என்று மரியாதையாக மாற்றலாம் என்றார். மாற்றினார்கள். மறுநாள் காலை முத்துச்செல்வி பேப்பரைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டி, மூட்டைத் திருட்டைப் பேப்பரும் உறுதி செய்துவிட்டது என்றாள்.

ரயில் செய்திக்கு நான் எழுதிய திருத்தம் வரவே இல்லை. அதற்குப் பதிலாக ‘காட்கோபர் நிறுத்தம் திடீர் ரத்து’ என்று வந்தது. பறிக்கப்பட்ட நிறுத்தத்தைத் திரும்பத் தர வேண்டும் என்று சங்கமும் எதிர்க்கோஷ்டியும் தனித்தனியே ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். ஒருபோதும் இல்லாத அந்த நிறுத்தத்துக்காக இன்றும் மனு போய்க்கொண்டிருக்கிறது என்று கேள்வி.

நான் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்று சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திருடன் என்று போட்டதற்காக இல்லை. நான் உயிரைக் கொடுத்து வேலை பார்த்த இடத்தில், பதினைந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், அச்சேற்றும் முன் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதைவிட வலித்தது, அவர்களுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தது நான்தான் என்பது.

சில நாள் கழித்து முத்துச்செல்வி போன் செய்தாள். வீடியோ நன்றாகப் போகிறது, என் பேட்டி வேண்டும் என்றாள். மாட்டேன் என்றேன். என்னைக் கேட்டால் நான் நல்லவன் என்றுதான் சொல்வேன், அந்த அம்மா ஊரிலிருந்து திரும்பியதும் மலையேறிப் போய் அவரைக் கேள் என்றேன். போக மாட்டாள் என்று நினைத்தேன். அவளைப் பற்றி நான் நினைத்ததும் தவறு. மூன்று தடவை மலையேறி, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பி, நாலாவது தடவை ஆளைப் பிடித்துவிட்டாள்.

அந்த வீடியோவில் பேச்சியம்மாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பேசுகிறார். ஊருக்குப் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் பேத்தி பிறந்ததாகச் சொல்கிறார். மகளுக்கு நள்ளிரவு கடந்து வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தது தான்தான் என்கிறார். மூட்டையில் என்ன இருந்தது என்று முத்துச்செல்வி கேட்கிறாள். அம்மிக்கல் என்கிறார். மகள் வீட்டில் மிக்சிதான் இருக்கிறதாம், பிள்ளை பெற்றவளுக்கு மருந்தை மிக்சியில் அரைத்துக் கொடுக்க மனசு வரவில்லையாம். மும்பையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு அம்மி.

கடைசியில், அந்தப் பேப்பர்க்கார ஐயாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறாள். பேச்சியம்மாள் கத்தியைக் கீழே வைக்கிறார்.

“அவிய வண்டியப் பாக்காம எழுதுனாவ. நீ அதப் பாக்காம வாசிச்ச. ரெண்டு பேரும் ஒண்ணுதான்” என்கிறார். பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா மூட்டைய மட்டும் அவிய தூக்கிப் பாத்தாவ” என்கிறார்.

முத்துச்செல்வி அதை வெட்டாமல் போட்டாள். விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்தார்கள். எங்கள் பேப்பர் எடுக்கவில்லை, வேறு யாரும் உறுதி செய்யவில்லை என்று காரணம் சொன்னார்கள். நான் வருடம் முடிந்து ஓய்வு பெற்றேன். முத்துச்செல்வி இப்போதும் காலையில் பேப்பர் வாசிக்கிறாள், எந்தப் பேப்பர் என்று பெயரைச் சொல்லி.

அச்சுக்கும் இணையத்துக்கும் என்ன உறவு என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. அந்த ரயிலைப் பற்றி நாங்களும் நீங்களும் சேர்ந்து வெளியிட்ட அத்தனை வரிகளிலும், நான் நேரில் சரிபார்த்த தகவல் ஒன்றே ஒன்றுதான். மூட்டை கனமாக இருந்தது.